எத்தனை துயில் வழி?

தமிழிலே ‘தொலைவு’ என்னும் சொல் இரண்டு பொருளுக்கு உரியது. சேய்மை ஒரு பொருள். இழப்பும் முடிவும் மற்றொரு பொருள். தூரத்தே இருப்பவனையும் காணாமற் போனவனையும் ஓர் அடியிற் பிறந்த சொற்களாற் குறிக்கும் வழக்கு நமக்கு உண்டு. இச்சொல்லைப் பற்றி வகுப்பிற் பேசிக்கொண்டிருந்த வேளையில், பேச்சு இலக்கணத்தினின்று வழுவிப் புவியியலிற் புகுந்து, ஈற்றிலே கனடா நாட்டின் வடகோடியிற் போய் நின்றது. நின்ற இடம் சுவையுடையதாகவும் நெஞ்சை வருத்துவதாகவும் இருந்தமையால், அதனை ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

கனடாவின் வடபாகத்தில் நூனவுற் என்றோர் ஆட்புலம் உண்டு. இனுயிற் மக்களின் தாயகமாகிய அந்நிலம் 1999ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆந் திகதி தனி ஆட்புலமாயிற்று. (நம் பழைய பூமிசாத்திர நூல்கள் ‘எஸ்கிமோவர்’ என்று எழுதியது இம்மக்களையே. அப்பெயரை அவர்கள் விரும்புவதில்லை. இனுயிற் என்பதற்கு ‘மக்கள்’ என்பதே பொருள்.) அந்நிலத்தின் வடவெல்லையிலே இரண்டு சிற்றூர்கள் உள்ளன. ஒன்று கோண்வாலிஸ் தீவிலுள்ள றெசொலூற். மற்றொன்று எல்ஸ்மியர் தீவின் தென்கரையிலுள்ள கிறீஸ் பியோட். 2021ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி முன்னையதிலே 183 பேரும் பின்னையதிலே 144 பேரும் வாழ்ந்தனர். நம் பாடசாலையொன்றில் இரண்டொரு வகுப்பிலுள்ள பிள்ளைகளின் தொகை இதனினும் மிகும். இரண்டுக்கும் விமானத்தளம் உண்டு. அத்தளங்களுக்கு இடைப்பட்ட தொலைவு யாது, பறக்கும் காலம் யாது என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். கோண்வாலிஸ் என்றதும் இந்திய வரலாறு படித்த மாணாக்கர் தேசாதிபதி கோண்வாலிஸ் பிரபுவை நினைப்பர். தீவுக்குப் பெயர் தந்தவர் அவரல்லர். அவருடைய தம்பியாகிய கடற்படைத் தளபதி வில்லியம் கோண்வாலிஸ். றெசொலூற் என்பது, வடகடலில் மறைந்த பிராங்ளினின் கூட்டத்தைத் தேடிச் சென்ற பிரித்தானியக் கப்பலொன்றின் பெயர். 1854இல் பனிக்கட்டியிற் கைவிடப்பட்ட அக்கப்பல், மறுவருடம் ஆளில்லாமல் மிதந்துவர அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரர் கண்டெடுத்தனர். பின்னாளில் அதன் மரத்தாற் செய்த மேசையே அமெரிக்கச் சனாதிபதியின் அலுவலகத்தில் இருப்பது. கிறீஸ் பியோட் என்பதோ நோர்வே மொழியில் ‘பன்றிக் கடனுழைகழி’ எனப் பொருள்படும். அங்கே பன்றி ஏது? வால்ரஸ் விலங்கின் உறுமலைக் கேட்டு, சுவெட்றப் என்னும் நோர்வே மாலுமியின் கூட்டத்தார் வைத்த பெயர் அது. வந்தவர் வைத்த பெயர்கள் இவ்வாறாக, இனுயிற் மக்கள் கிறீஸ் பியோட்டை ‘பனி உருகாத இடம்’ என்னும் பொருளில் ஔயுயிற்றுக் என்றும், றெசொலூற்றை ‘விடியல் இல்லாத இடம்’ என்னும் பொருளில் கௌசுயிற்றுக் என்றும் அழைப்பர். ஆங்கு வாழ்வு எத்தகையது என்பதற்கு இவ்விரு பெயரும் போதிய சான்று.

இனித் தொலைவைக் கணிப்போம். றெசொலூற் தளம் வட அகலக்கோடு 74 பாகை 43 கலையிலும், மேற்கு நெடுங்கோடு 94 பாகை 58 கலையிலும் உள்ளது. கிறீஸ் பியோட் தளம் வடக்கே 76 பாகை 25 கலை, மேற்கே 82 பாகை 54 கலை. அகலக்கோட்டு வேறுபாடு 1 பாகை 42 கலை. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111 கிலோமீற்றர் எனக் கொண்டால், வடக்கு நோக்கி 190 கிலோமீற்றர் செல்ல வேண்டும். நெடுங்கோட்டு வேறுபாடு 12 பாகைக்குச் சற்று மேல். இங்கேதான் மாணாக்கர் தடுமாறுவர். யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டிலே 12 பாகை கிழக்கு நோக்கிச் சென்றால் 1,300 கிலோமீற்றருக்கு மேல் ஆகும். வங்கக் கடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிடுவோம். வடகோடியிலோ நெடுங்கோடுகள் குடைக்கம்பிகள் உச்சியிற் கூடுவதுபோல நெருங்கிவிடுகின்றன. 75 பாகைக்கு மேலே ஒரு நெடுங்கோட்டுப் பாகை 28 கிலோமீற்றர்தானும் இல்லை. ஆகவே கிழக்கு நோக்கிய வழி 335 கிலோமீற்றரளவே. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக இவற்றைக் கொண்டு கருணத்தைக் கண்டால் 385 கிலோமீற்றர் வரும். கோளத்தின் வளைவையும் சேர்த்து நுணுக்கமாகக் கணிப்பினும் ஒன்றிரண்டு கிலோமீற்றரே மாறும். மைலிற் சொன்னால் 240 அளவு.

அக்கம்பிகள் நெருங்குவதனால் விளையும் வேறொரு வியப்பும் உண்டு. றெசொலூற்றிலிருந்து புறப்படும் விமானம் வடக்கினின்று கிழக்காக 55 பாகை திரும்பிய திசையை நோக்கிக் கிளம்பும். திரும்பிவரும்போது அதற்கு நேர் எதிரான 235 பாகைத் திசையில் வரவேண்டும் என்றுதானே எண்ணுவோம்? அன்று, 246 பாகைத் திசையிலே புறப்பட வேண்டும். வழி ஒன்றே, ‘வடக்கு’ என்பதுதான் ஈரிடத்தும் வெவ்வேறு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றது. தட்டையான தேசப்படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறிப் பழகியவர்களுக்கு இது விளங்கச் சிறிது பொழுது செல்லும்.

“385 கிலோமீற்றர்தானே ஐயா! யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற தூரம். இதில் என்ன இருக்கிறது?” என்றான் மாணவன் ஒருவன். கேள்வி நியாயமானதே. பருத்தித்துறை தொடக்கம் தேவேந்திரமுனை வரை நம் தீவின் நீளமே 430 கிலோமீற்றரளவுதான். அதனிலும் இது குறைவு. ஆனால் நம் வழியில் வவுனியா உண்டு, தம்புள்ளை உண்டு, தேநீர்க்கடை உண்டு. அவ்வழியில் ஊர் ஒன்றேனும் இல்லை. வெலிங்ரன் கால்வாய் என்னும் உறைகடலைக் கடந்து, டெவன் தீவின் வடமேற்குப் பகுதிக்கு மேலாகச் சென்று, ஜோன்ஸ் நீரிணையைத் தாண்டவேண்டும். டெவன் தீவு உலகிலே குடிகளில்லாத தீவுகளுள் மிகப் பெரியது. செவ்வாய்க் கிரகத்தில் இறங்கினால் எவ்வாறு நடமாடுவது என்று ஆராய்வோர், 1997ஆம் ஆண்டு முதலாகப் பயிற்சிக்குத் தேர்ந்த நிலம் அது என்றால் அதன் இயல்பை ஊகித்துக்கொள்ளலாம். வீதியில்லை, புகைவண்டியில்லை, கப்பலோ கோடையிறுதியிற் கடல் இளகும் சில வாரங்களில், ஆண்டுக்கு ஒருமுறை பண்டங்கள் கொண்டுவருவது. எஞ்சியது விமானம் ஒன்றே.

எவ்வகை விமானம் என்பதும் கருதத்தக்கது. றெசொலூற்றின் ஓடுபாதை சரளைக்கல்லாலாயது எனினும் 2,000 மீற்றரளவு நீண்டது. 1947இல் வானிலை நிலையத்தோடு அமைக்கப்பட்ட தளத்தின் வழிவந்தது. கிறீஸ் பியோட்டின் ஓடுபாதையோ 600 மீற்றருக்கும் குறைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். பெரிய விமானம் அங்கே இறங்காது. ‘ற்வின் ஒற்றர்’ எனப்படும் இரட்டைப் பொறிச் சிறுவிமானமே அவ்வழியிற் பறப்பது. 1965இல் முதன்முதற் பறந்த கனடிய ஆக்கம் அது. பத்தொன்பது பேர் வரை ஏற்றும். குறுகிய சரளைப் பாதையிலும், சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குக்கட்டை பூட்டினால் பனியிலும் இறங்கும். மணிக்கு 270 கிலோமீற்றர் வேகமெனக் கொண்டால், 385 கிலோமீற்றருக்கு ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்; ஏறவும் இறங்கவும் உள்ள பொழுதையும் கூட்டினால் ஒன்றரை மணி. எதிர்க்காற்று மணிக்கு 70 கிலோமீற்றராக வீசினால் இரண்டு மணியை எட்டும். விரைந்து செல்லும் பெரிய விமானத்துக்குக் காற்று ஒரு சிறு தொல்லை. மெல்லச் செல்லும் சிறு விமானத்துக்கோ அதுவே பயணத்தின் அளவை நிர்ணயிப்பது.

கடிகாரத்தை நம்புவோருக்கு இன்னுமொரு வேடிக்கை. இரண்டு ஊர்களும் வெவ்வேறு நேரவலயத்தைச் சேர்ந்தவை. கிறீஸ் பியோட்டின் நேரம் ஒரு மணி முந்தியது. எனவே அங்கிருந்து பத்து மணிக்குப் புறப்படுபவர், ஒன்றரை மணி பறந்து, றெசொலூற்றில் இறங்கும்போது அவ்வூர்க் கடிகாரம் பத்தரை என்று காட்டும். போகும்போது இரண்டரை மணி, வரும்போது அரைமணி!

இத்தனையும் விமானம் பறக்கும் காலமே அன்றி மனிதர் பயணஞ்செய்யும் காலம் அன்று. விமானம் நாள்தோறும் இல்லை. கிழமைக்கு ஓரிரு தடவை. மூடுபனி கவிந்தால் அதுவும் இல்லை. நவம்பர் தொடக்கம் பெப்ரவரி நடுப்பகுதி வரை கிறீஸ் பியோட்டில் ஞாயிறு அடிவானுக்கு மேல் எழுவதே கிடையாது. திசையறி கருவியாகிய காந்த ஊசியும் அங்கே துணைசெய்வதில்லை. காந்த வடமுனை அண்மையில் இருந்தமையால், ஊசி கிடைநிலையில் நின்று திசைகாட்டாமற் கீழ்நோக்கிச் சாயப் பார்க்கும். அம்முனை இப்போது சைபீரியாவை நோக்கி நகர்ந்துவிட்டதெனினும், அப்பகுதியில் ஊசியை நம்பி விமானம் ஓட்டுவார் இல்லை. 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆந் திகதி, தெற்கேயிருந்து வந்த பெரிய விமானமொன்று றெசொலூற்றில் இறங்க முயன்றபோது, முகிலுக்குள் வழி விலகி, ஓடுபாதையிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிலுள்ள குன்றில் மோதியது. பதினைவருட் பன்னிருவர் மாண்டனர். திசைகாட்டும் அமைப்பில் நேர்ந்த பிழை திருத்தப்படாமற் கூடிக்கொண்டு போனதும், விசாரணை கூறிய காரணங்களுள் ஒன்று. ஆயிரக்கணக்கான கிலோமீற்றரைக் கடப்பதற்குத் தடையில்லை. ஈற்றிலுள்ள இரண்டு கிலோமீற்றரே தடையாயிற்று.

இத்தொலைவு யாருக்குப் பெரிதும் உறைக்கின்றது என்று எண்ணிப் பார்த்தால், எனக்கு முதலில் தோன்றுவோர் பிள்ளை பெறும் பெண்கள். கிறீஸ் பியோட்டில் தாதிமார் கடமைபுரியும் சுகாதார நிலையம் உண்டு, வைத்தியசாலை இல்லை. வைத்தியசாலை உள்ள இக்கலூயிற் நகரம் 1,500 கிலோமீற்றருக்கு அப்பால், தென்கிழக்கே உள்ளது. கருவுற்ற பெண் பேற்றுக் காலத்துக்குச் சில வாரங்கள் முன்னரே ஊரைவிட்டுப் புறப்பட்டு அங்கே போய்க் காத்திருத்தல் வேண்டும். தென்கிழக்கே செல்ல வேண்டியவள் முதலில் மேற்கே றெசொலூற்றுக்குப் பறந்து, அங்கிருந்தே மற்றை விமானம் ஏறுவாள். தாய்வீட்டிற் பிள்ளைப்பேறு என்னும் வழக்கம் நம்மவரிடையே எவ்வளவு ஆழமானது என்பதை அறிந்தவர்களுக்கு, இப்பயணம் எத்தகையது என்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

விமானம் வருமுன் இனுயிற் மக்கள் நெடுவழியைக் கிலோமீற்றராலும் மைலாலும் அளந்தவர் அல்லர். ‘எத்தனை துயில்?’ என்பதே அவர்கள் கேள்வி. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிற் செல்லும்போது இடையே எத்தனை இரவு உறங்க நேரும் என்பதே தொலைவின் அளவு. பனி நல்லதாயின் துயில் குறையும், கெட்டதாயின் கூடும். ஒரே வழி மாசியில் ஐந்து துயிலாகவும் ஆனியில் எட்டுத் துயிலாகவும் இருத்தல் கூடும் என்க. அளவுகோல் நிலையாக இராமல் நிலத்தின் நிலைமையோடு மாறுகின்றது. இதனை அறியாமை என்று நகைப்பவர் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் முன்னோரும் ‘நாழிகை வழி’ என்றனர். ஒரு நாழிகையில், அதாவது இருபத்துநான்கு நிமிடத்தில், நடந்து கடக்கும் தூரம் அது. ஏழரை நாழிகை வழி ஒரு காதம் என்பது ஒரு கணக்கு. நாட்டுக்கு நாடு வேறுபடுமாயினும் ஏறக்குறையப் பத்து மைல். ‘கூப்பிடு தூரம்’ என்பதோ குரலை அளவாகக் கொண்டது. ‘கட்டை’ எண்ணத் தொடங்கியது வெள்ளைக்காரன் வீதியோரத்தில் மைற்கட்டை நட்ட பின்னர் அல்லவா? அளவுகளெல்லாம் முதலில் மனிதனுடைய காலையும் குரலையும் உறக்கத்தையும் சார்ந்தே பிறந்தன.

அவர்களுடைய மொழியிற் சுட்டுச் சொற்கள் மிக விரிவானவை என்பர் மொழிநூலார். அண்மை, சேய்மை மாத்திரமன்றி, சுட்டப்படும் பொருள் மேட்டில் உள்ளதோ பள்ளத்தில் உள்ளதோ, உள்ளேயோ வெளியேயோ, நீண்டு பரந்ததோ ஒடுங்கியதோ என்பவற்றையும் சுட்டே உணர்த்திவிடும். நமக்கு அ, இ, உ என மூன்று. அவற்றுள்ளும் இடைநிலைச் சுட்டாகிய உகரத்தைப் பிறர் கைவிட்டனர். ‘உது’, ‘உவன்’ என்று யாழ்ப்பாணத்துப் பேச்சிலே அது இன்றும் உயிரோடிருக்கின்றது. மரமில்லா வெண்பரப்பில் வேட்டையாடி வாழ்பவனுக்கு, எங்கே என்பதை நுணுக்கமாகச் சொல்ல முடியாவிடின் உயிருக்கே ஊறு. மொழி அதற்கேற்ப அமைந்தது.

இத்துணை நுட்பமாக இடத்தை அறிந்த மக்களை, இடம் இன்னதென்று சொல்லாமலே கொண்டுபோய் விட்ட கதையை இனிக் கூறவேண்டும். மேற்கூறிய இரண்டு ஊர்களும் தாமாக வளர்ந்தவை அல்ல. 1953ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் கனடிய அரசு, கியூபெக்கின் வடபாகத்தில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊரிலிருந்து இனுயிற் குடும்பங்களைக் கப்பலேற்றி வடக்கே அனுப்பிற்று. ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர்! பொண்ட் இன்லெற் என்னும் வடவூரிலிருந்து சில குடும்பங்களும், இருட்காலத்து வேட்டையைப் பழக்குதற்பொருட்டுச் சேர்க்கப்பட்டன. இரண்டு தொகுதியுமாகத் தொண்ணூறு பேரளவில் இருக்கும். அவ்விடத்திலே வேட்டை நிறைய உண்டு. விரும்பாவிடின் இரண்டு ஆண்டில் ஊருக்குத் திரும்பலாம் என்பது அவர்களுக்குக் கூறிய உறுதி. ஒருங்கே வாழப் போகின்றோம் என்றே அவர்கள் நம்பினர். தாம் பிரிக்கப்பட்டு வெவ்வேறு இடங்களில் இறக்கப்படுவோம் என்பது அவர்களுக்குத் தெரியவந்தது கப்பலிலே வைத்துத்தான். சிலர் எல்ஸ்மியரிலும் சிலர் கோண்வாலிஸிலுமாக இறக்கப்பட்டனர்.

இனுக்ஜுவாக் 58ஆம் பாகையில் உள்ளது. மாரியிலும் அங்கே நாள்தோறும் ஞாயிறு எழும். அங்கிருந்தவர்கள் மூன்று திங்கள் நீடிக்கும் இரவைக் கண்டறியாதவர்கள். முதல் மாரியைக் கூடாரங்களிலேயே கழித்தனர். பழகிய பறவைகளும் பழங்களும் இல்லை. கண்ணுக்கெதிரே நின்ற கஸ்தூரி எருதை வேட்டையாடச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டில் திருப்பியனுப்புவோம் என்ற உறுதியும் காற்றிற் போயிற்று.

அவர்களுள் ஒருவர் கதை உலகறிய வேண்டியது. ‘வடக்கின் நனூக்’ என்னும் புகழ்பெற்ற மௌனப் படம் 1922இல் வெளிவந்தது. அதனை இனுக்ஜுவாக்கில் எடுத்தவர் றொபேட் பிளாகேட்டி. படம் முடிந்து அவர் சென்ற பின்னர், அவருடைய மகன் ஜோசபி அவ்வூரிற் பிறந்தார். தந்தை அவரை ஏற்றுக்கொண்டதும் இல்லை, கண்டதும் இல்லை. இனுயிற் வாழ்வை உலகுக்குக் காட்டிப் பேர்பெற்றவரின் மகனாகிய அந்த ஜோசபி பிளாகேட்டியே, 1955இல் குடும்பத்தோடு கிறீஸ் பியோட் பகுதிக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர்.

ஏன் அனுப்பினர்? இனுக்ஜுவாக்கில் சனம் மிகுந்து வேட்டை குறைந்தமையால் நன்மை கருதியே செய்தோம் என்றது அரசு. வடகோடித் தீவுகள் தன்னுடையவை என்று நிலைநாட்ட, அங்கே குடிகள் வேண்டியிருந்தமையே உட்காரணம் என்றனர் குடியேற்றப்பட்டோர். 1994இல் அறிக்கை தந்த அரச ஆணைக்குழு, இச்செயலைக் கடுமையாகக் கண்டித்தது. நன்மை கருதியே செய்ததாயினும், திரும்புவேன் என்றவனைத் திருப்பியனுப்பாமைக்கு என்ன நன்மை காரணமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. 1989இல் அரசு உதவியோடு நாற்பது பேர் இனுக்ஜுவாக்குக்கு மீண்டனர். வடக்கிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் சிலர் அங்கேயே தங்க, குடும்பங்கள் இரண்டாம் முறையும் பிரிந்தன. 1996இல் ஒரு கோடி டொலர் நிதியம் ஒன்று அமைக்கப்பட்டது. மன்னிப்போ 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆந் திகதிதான் வந்தது. அரசின் சார்பில் அமைச்சர் ஒருவர் இனுக்ஜுவாக்குக்கே சென்று கேட்டார். இடையே 57 ஆண்டு. சிறு பிள்ளையாக 1953இல் றெசொலூற்றில் இறக்கப்பட்ட ஜோன் அமாகோவாலிக், பின்னர் ‘நூனவுற்றின் தந்தை’ எனப் போற்றப்படும் தலைவரானார் என்பதையும் ஈண்டுக் குறித்தல் தகும்.

அதே 2010இல் இரண்டு ஊரிலும் நினைவுச்சிலைகள் திறக்கப்பட்டன. கிறீஸ் பியோட் சிலையைச் செதுக்கியவர் லூற்றி பிஜமினி; றெசொலூற் சிலையைச் செதுக்கியவர் சிமியோனி அமாகோவாலிக். முன்னையது ஒரு பெண். அருகே சிறுவன் ஒருவனும் நாய் ஒன்றும். அவள் றெசொலூற் இருக்கும் திசையை நோக்கி நிற்கின்றாள். பின்னையது தனித்த ஆடவன் ஒருவன். அவன் கிறீஸ் பியோட்டை நோக்கி நிற்கின்றான். பிரிக்கப்பட்ட குடும்பங்கள் ஒன்றையொன்று தேடும் பார்வை அது. கடற்கரையில் நிற்கும் ஓர் ஆளின் கண்ணுக்கெட்டும் தொலைவு, பூமியின் வளைவினால், ஐந்து கிலோமீற்றருக்கு மேற்படாது. எஞ்சிய 380 கிலோமீற்றரையும் அவர்கள் காணாமலே நோக்குகின்றனர். மூடுபனி இல்லாத நாளில் அவ்வழிக்கு விமானம் எடுப்பது ஒன்றரை மணி.